லாவாரிஸ்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

வீட்டைக் காலி செய்ய இன்னும் 50 நாள். செப்டம்பர் 30-ல் ஓய்வு பெற்றேன். தில்லி கித்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் அதற்குமேல் ஆறு மாதம்தான். மார்ச் 31-க்குள் சாவியைக் கொடுத்துவிட்டுத் தென்காசி.

காலையில் பழைய பேப்பர் வாங்கும் கபாடிக்காரர் தராசோடு வந்துவிட்டார். "புத்தகத்துக்கு ரெண்டு அட்டைப்பெட்டி. அதுக்கு மேல ஒண்ணு ஏறக்கூடாது" என்பது என் மனைவி, இவள், போட்ட சட்டம். கயிறு கட்டிய மூட்டையிலிருந்து ஒன்றை மட்டும் உருவிக்கொண்டேன். டெர்ரி பிராட்செட்டின் 'மார்ட்'. 1987-ல் வந்தது, நான் 2001-ல் தரியாகஞ்ச் நடைபாதையில் வாங்கினேன். பேரம் பேசி ஏமாந்தது நான்தான்.

எமன் ஒரு பையனை வேலை பழக வைத்துக்கொள்கிறான். பையன் தேறிவருகிறான். எமனுக்குப் பொழுது போகவில்லை. வேறு வேலை தேடிப் போய்ச் சாப்பாட்டுக்கடையில் சமையல்காரனாகச் சேர்ந்து சந்தோஷமாக இருக்கிறான். இதை எத்தனை தடவை படித்துச் சிரித்திருப்பேன்! அந்த உலகமோ தட்டையானது. நான்கு யானைகள் தாங்குகின்றன, யானைகளை ஓர் ஆமை சுமக்கிறது. நமக்கு இதெல்லாம் பழைய சரக்கு. நம்மிடம் எட்டு யானை. மனிதர் நான்கோடு சிக்கனமாக நிறுத்திக்கொண்டார்.

இரண்டு பெட்டியும் நிரம்பிவிட்டன. மகளிடம் கேட்டேன். "எனக்கு வேண்டாம்பா, மெட்ரோல வெச்சுட்டு வாங்க" என்றாள். 2017-ல் ஸ்ருதி சர்மா, தருண் சவுகான் தம்பதி தில்லி மெட்ரோவில் புத்தகங்களை வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். எடுத்துக்கொள், படி, திரும்ப எங்காவது வை. அப்போது கல்லூரியில் இருந்த மகள், தினமும் பெட்டி பெட்டியாகத் தேடியும் ஒன்றும் கிடைக்காமல் வருவாள்.

பிப்ரவரி 11

ஆபீசுக்குப் போன் செய்தேன். புதுப் பையன் எடுத்தான். "நான் பாத்துக்கறேன் சார்."

பிப்ரவரி 13

முதல் பக்கத்தில் இந்தி, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் எழுதினேன்: 'இது தொலைந்துபோன புத்தகம் அல்ல. உங்களுக்காகத்தான்.' ஐ.என்.ஏ. ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

மூன்று ரயில் போயிற்று. ஒரு பெண் உட்கார வந்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஒரு கல்லூரிப் பையன் குனிந்து அட்டையைப் படித்தான், கை நீளவில்லை. அப்புறம் சி.ஐ.எஸ்.எஃப். ஜவான் ஒருவர் நேராக என்னிடமே வந்தார். "அங்கிள்ஜி, அது உங்க சாமானா?" ஆமாம் என்றேன். பின்னே என்ன சொல்ல? "எடுத்துக்குங்க. நீங்க தள்ளிப் போனா அது லாவாரிஸ்." தலைக்கு மேலே ஒலிபெருக்கியும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது: லாவாரிஸ் பொருளைத் தொடாதீர்கள்.

வாரிசு இல்லாதது லாவாரிஸ். நம் 'வாரிசு'ம் அதே சொல்தான். தில்லியில் அந்தச் சொல்லுக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும் சக்தி உண்டு. நான் 1988-ல் வேலையில் சேர்ந்த அன்று செக்ஷன் ஆபீசர் சொன்ன முதல் அறிவுரை கோப்பைப் பற்றியது அல்ல. வழியில் டிரான்சிஸ்டர் கிடந்தால் எடுக்காதே என்பது. 1985 மே மாதம் பஸ்களிலும் பொது இடங்களிலும் டிரான்சிஸ்டருக்குள் குண்டு வைத்தார்கள். யாரோ விட்டுப்போனதை ஆசையாக எடுத்தவர்கள்தான் செத்தார்கள். பிறகு 2005 அக்டோபர் 29, தீபாவளிக் கூட்டம். சரோஜினி நகர் சந்தையில் ஒரு பை. இங்கே கேட்ட சத்தத்தைப் பட்டாசு என்று நினைத்தோம். அன்று ஊரில் மூன்று இடங்களில் 60-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இவள் அன்று காலையில்தான் அங்கே துணி வாங்கிவிட்டு வந்திருந்தாள்.

அந்தப் பெண் பெஞ்சு மாறி உட்கார்ந்ததில் ஒரு தப்பும் இல்லை.

பிப்ரவரி 17

விடிகாலை 5:36. கட்டில் ஆடிற்று. ஒன்பதாவது மாடியிலிருந்து படி இறங்கினோம். ரிக்டரில் 4, மையம் தவுலா குவான், இங்கிருந்து கூப்பிடு தூரம். கீழே எல்லாரும் சால்வையோடு. "ஆதிசேஷன் தலை மாத்திட்டான்" என்றாள் இவள். யானை கால் மாற்றியிருக்கும் என்றேன். முறைத்தாள். இறங்கும்போது கையில் எதை எடுத்தேன் என்று பார்த்தால் டி.வி. ரிமோட்.

மார்ச் 2

பல நாள் எழுதவில்லை. ஒரு அத்தியாயத்தைத் தமிழில் போட்டுப் பார்த்தேன். பிராட்செட்டின் எமன் பேசுவதெல்லாம் பெரிய எழுத்துகளில், மேற்கோள் குறி கிடையாது. நமக்குப் பெரிய எழுத்தே இல்லை. தடித்த எழுத்தில் அடித்தால் டெண்டர் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. செந்தமிழில் பேசவிட்டால் நாடகமேடை எமன், கையில் கதாயுதம் வந்துவிட்டது. கடைசியில் அரசுக் கடித நடை சரியாகப் பொருந்திற்று: 'தங்கள் காலம் முடிவுற்றது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.' முப்பத்தாறு வருஷம் வீண்போகவில்லை.

மார்ச் 6

காலனிக்குள், தரியா கான் கல்லறைப் பக்கத்துப் பெஞ்சில் வைத்தேன். லோடி காலத்து ஆள். பழைய குவார்ட்டர்ஸை எல்லாம் இடித்து 86 ஏக்கரில் அடுக்குமாடி எழுப்பியபோதும் அவரைக் காலி செய்யச் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் காவலாளி புத்தகத்தை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார், கடைசிப் பக்கத்தில் என் பெயரும் பழைய பிளாக் எண்ணும் இருந்ததாம். இவள் அவருக்கு டீ கொடுத்தாளாம். எனக்குக் கிடைத்தது வேறு.

ரஃபி அகமது கித்வாய், நாட்டின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர். அவர் பெயர் வைத்த ஊரில் தபால் முகவரி தவறாமல்தான் சேரும் போலிருக்கிறது.

மார்ச் 12

பிராட்செட் இறந்து பத்து வருஷம். 2007-லேயே அல்சைமர் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டே இருந்தவர். அவருடைய ட்விட்டர் பக்கத்தில் செய்தி பெரிய எழுத்துகளில்தான் வந்தது. எமன் வந்து கூட்டிப்போகிற மாதிரி. மறுநாள் ஆபீசில் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழிவறையில் நின்றிருந்தேன். இவளுக்குத் தெரியாது.

பெயரெழுதிய பக்கத்தைக் கிழித்தேன். மகளோ எண் ஒட்டச் சொல்கிறாள்: புக்கிராசிங் என்று 2001-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏற்பாடு, எண்ணை வைத்துப் புத்தகம் போகிற ஊரெல்லாம் பார்க்கலாமாம். ஒட்டவில்லை.

மார்ச் 14

ஹோலி. வெளியே போகவில்லை.

மார்ச் 23

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய், சின்ன வெங்காயம். "ஊருக்குப் போனா இதுக்கு அலைய வேண்டாம்" என்றார் கடைக்காரர். ஆபீசுக்குப் போன் செய்து மூன்று வாரம் ஆகிறது.

மார்ச் 28

விடியுமுன் அதே கல்லறைப் பெஞ்சு. ரோடெல்லாம் இலவம்பூ. வைத்தேன், வந்துவிட்டேன். தூண் தேடவில்லை.

மார்ச் 29

புத்தகம் இல்லை. உள்ளே அடையாளத்துக்கு வைத்திருந்த பழைய டி.டி.சி. பஸ் டிக்கெட் மட்டும் பெஞ்சில், மேலே ஒரு சிறு கல். துடைப்பக்காரர் உதறிப் போட்டாரா, வேறு யாராவதா. குப்பைத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நேரமில்லை, பீங்கான் இன்னும் கட்டவில்லை, லாரி நாளைக் காலை ஆறு மணிக்கு.