கிறிஸ்டோபரின் சிவப்புக் கார்கள்

அன்புள்ள கவிதா,

உன் கடிதம் கிடைத்தது. மார்க் ஹேடனின் ‘தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்’ நாவலின் குறியீடுகளைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். உருவகமே பொய் என்கிற பையன் சொல்லும் கதையில் குறியீட்டை எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறாய். அவனிடமேதான் தேட வேண்டும்.

பதினைந்து வயது கிறிஸ்டோபர் பள்ளிக்குப் போகும் வழியில் வரிசையாக நான்கு சிவப்புக் கார்களைப் பார்த்தால் அன்று அவனுக்கு நல்ல நாள். நான்கும் மஞ்சளாக இருந்துவிட்டால் கறுப்பு நாள். யாரோடும் பேச்சில்லை, மதியச் சாப்பாடும் இல்லை. நாளை எது நடக்கும் என்று தெரியாத உலகத்தில் அவன் தனக்காகப் போட்டுக்கொண்ட ஒழுங்கு அது. அத்தியாயங்களுக்கு 2, 3, 5, 7 என்று பகா எண்களையே வைக்கிறானே, அதையும் இதோடு சேர்த்துப் பார். பகா எண்கள் வாழ்க்கையைப் போல என்று அவனே சொல்கிறான்: தர்க்கத்துக்கு உட்பட்டவை, ஆனால் எவ்வளவு யோசித்தாலும் விதி பிடிபடாது. உவமை பொய்யாகாது என்பது அவன் கட்சி, அதனால் அதைச் சொல்ல அவனுக்குத் தடையில்லை. மற்ற நாவல்களில் குறியீட்டை ஆசிரியர் கொண்டுவந்து வைப்பார். இங்கே பாத்திரம் தான் உயிர்வாழ அதை உண்டாக்கிக்கொள்கிறது. உன் கட்டுரையின் உயிர்நாடி இதுதான் என்று நினைக்கிறேன்.

குறியீட்டோடு அவன் பார்வைக் கோணத்தையும் எழுத ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள், போதும். அப்பாவின் அலமாரியில் அம்மாவின் கடிதங்கள் கிடைக்கும் இடம். அம்மா இறந்துவிட்டாள் என்று அப்பா சொன்னதை அவன் நம்பியிருக்கிறான். ஆங்கில ‘i’ எழுத்தின் மேல் புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம் போட்டிருப்பதைக் கவனிக்கிறான், தபால் முத்திரையின் தேதியைக் கவனிக்கிறான், வேறொரு கிறிஸ்டோபருக்கு அவனுடைய அம்மா எழுதியதாக இருக்குமோ என்றுகூட யோசிக்கிறான். நமக்கோ முதல் கடிதத்திலேயே எல்லாம் விளங்கிவிடுகிறது. அவனுக்கு விளங்கும்போது அழுகையோ கோபமோ எழுத்தில் வருவதில்லை. வாந்தி எடுத்துக் கிடக்கிறான், எடுத்ததுகூட நினைவில்லை. துக்கம் என்ற சொல்லை அவன் எழுதாததாலேயே அந்தத் துக்கம் முழுவதும் நம் தலையில் இறங்குகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்தப் பக்கங்களைத் தாண்டுவது கஷ்டம்.

கடைசியில் வரும் நாய்க்குட்டியை, செத்த நாய் வெலிங்டனுக்கு ஈடு என்று மட்டும் எழுதிவிடாதே. வெலிங்டனைக் கொன்றவரே அந்த அப்பாதான். அவர் கையால் வருகிற நாய்க்குட்டி அது. அவனை அணைக்க முடியாத பெற்றோர் விரல்களை விரித்து அவன் விரல்களைத் தொடுகிறார்களே, எனக்கு அது நாய்க்குட்டியை விடப் பெரிய விஷயம்.

இன்னொன்று. நாவலுக்குள் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. அது அட்டையில் சொல்லப்பட்டது. தான் அந்தத் துறையில் நிபுணர் அல்ல என்று ஹேடனே சொல்லியிருக்கிறார். ஆட்டிசம் உள்ள வாசகர்கள் பலர் இந்தச் சித்திரிப்பைக் குறையும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கிறிஸ்டோபரை ஆட்டிசத்துக்கே பிரதிநிதியாக்கிவிடாதே. தன் பெயருக்கு ஏசுவைச் சுமந்தவர் என்ற புராண அர்த்தம்கூட வேண்டாம், அது தன்னை மட்டுமே குறிக்க வேண்டும் என்கிறவன் அவன். எழுத உட்காருவதற்கு முன்னால், ஆட்டிசத்தோடு வாழும் டெம்பிள் கிராண்டின் 1995இல் எழுதிய ‘திங்கிங் இன் பிக்சர்ஸ்’ நூலைப் படித்துவிடு. கட்டுரையின் முதல் படியை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா