கடைக் கம்ப்யூட்டர் விஷயமாக

நாவலூர்
9-11-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "கஸ்டமர் வந்துட்டாங்க" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் போன மாதம் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம், அவ்வளவுதான். உன் கவுன்டர் மெஷின் ஐந்தாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையாவது கேட்கும். யார் யாருடைய பென் டிரைவோ நாள் முழுக்கச் செருகப்படுகிற மெஷின் அது. ஊர்க்காரர்களின் ஆதாரும் பத்திரமும் அதில்தான் ஸ்கேன் ஆகின்றன. அப்படியே விட்டுவைக்க எனக்கு மனசில்லை.

அதில் லினக்ஸ் போடலாம் என்றதும், "லேப்டாப் குடுத்தப்ப வந்துச்சே, எல்லாரும் அழிச்சுட்டு விண்டோஸ் போடச் சொல்லித்தானே என் கடைக்கு வந்தாங்க" என்கிறாய். 2011-ல் தொடங்கிய அந்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது உண்மை. இதே ஓ.எம்.ஆரில், தரமணி டைடல் பார்க்கில் இருக்கும் சி-டாக் மையம்தான் அதை உருவாக்கியது. அழித்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லை என்பது என் கட்சி. உனக்கு நான் இருக்கிறேன்.

உன் தயக்கம் விரலில் இருக்கிறது என்று தோன்றுகிறது. தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணின விரல் இல்லையா! லினக்ஸில் ஐபஸ், எம்17என் இரண்டையும் போட்டால் தமிழ்99 மட்டுமில்லை, உன் பழைய டைப்ரைட்டர் கீபோர்டே வந்துவிடும். ஆபீஸில் மேக் கொடுத்தபோது எனக்கும் விரல்தான் முரண்டு பிடித்தது. காப்பி எடுக்கச் சுண்டுவிரல் கன்ட்ரோலுக்கு ஓடும்; அங்கே அந்த வேலை கட்டைவிரல் பக்கத்துக் கமாண்ட் கீக்கு. சில வாரம் தடுமாற்றம்தான். இப்போது வீட்டு விண்டோஸில் உட்கார்ந்தால் கட்டைவிரல் தானாகப் போய் ஆல்ட்டை அமுக்குகிறது, உன் மாப்பிள்ளை சிரிக்கிறார்.

பேஜ்மேக்கர் மட்டும் வேறு கதை. 2001-க்குப் பிறகு புதுப் பதிப்பே வராத சாப்ட்வேர்; அது லினக்ஸில் ஒழுங்காக ஓடும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வானவில் ஃபான்ட்டில் அடித்த கல்யாணப் பத்திரிகைகளையும் யூனிகோடுக்கு மாற்றாமல் வேறு ஃபான்ட்டில் திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும். அதனால் டிசைன் மெஷினை நான் தொடவே போவதில்லை. நெட் வயரை மட்டும் பிடுங்கிவிடு, அது பாட்டுக்குப் பத்திரிகை அடிக்கட்டும். மாற்றம் கவுன்டருக்கு மட்டும். அதுவும் முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டுகிறேன், ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைல்கூட அசையாது. பிடிக்காவிட்டால் உருவிவிட்டு ரீஸ்டார்ட் பண்ணு, பழையபடி விண்டோஸ் வரும்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் வருகிறேன், அண்ணியிடம் சொல்லிவிடு. அதற்குள் பிரின்டர், ஸ்கேனர் இரண்டின் மாடல் நம்பரையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. சில பழைய லேசர் பிரின்டர்கள் லினக்ஸில் அடம்பிடிக்கும். உன்னுடையது அந்த ரகமா என்று முன்னாலேயே பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை