‘புல்லுதானே மேஸ்திரி!’

“ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி…” என்று மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து வாழ்த்திக்கொண்டிருந்தார். மணமகள் உடுத்தியிருந்தது ஆரணிப் பட்டு. புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, ஊருக்கே பெருமை. மண்டபத்துக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையும் பெண்ணும் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கென்றே வளர்த்திருந்த 4,000 சதுர அடிக் கொரியன் புல்தரை மட்டும் வைக்கோல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

கோரைதான் தொடக்கம். புல்லுக்கு நடுவே அங்கங்கே தலைகாட்டியதை ஆள் வைத்துக் கொத்தி எடுக்க மனமில்லாமல் யாரோ மருந்து அடித்துவிட்டார்கள். கூப்பிட்டு அனுப்பியதும் வந்து நின்ற தோட்ட மேஸ்திரியிடம் மேனேஜர் சொன்னார்: “புல்லுதானே மேஸ்திரி! அடுத்த முகூர்த்தத்துக்குள்ள பச்சையா எதையாவது போட்டு மூடிடுங்கண்ணே.”

ஒருவரைத் துச்சமாக நினைப்பதைத் தமிழில் ‘புல்லாக மதிப்பது’ என்பார்கள். முப்பது வருஷமாகப் புல்லை மதித்தே சோறு தின்றவருக்கு அன்று சுருக்கென்றது. முழங்கால் தேய்ந்துபோய், இந்தத் தையோடு வேலையை நிறுத்திவிடலாம் என்றிருந்தவர் அவர். அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னொரு பருவம் இருந்தார்.

மேஸ்திரி தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறிக்குழியில் கால் வைத்து உட்காரப் பிடிக்காமல் மண்வெட்டியைத் தூக்கியவர். ஆனாலும் பேச்சில் பாவும் ஊடையும் வந்துகொண்டேயிருக்கும். தொழிலை விளக்கச் சொன்னால் பாதியிலிருந்துதான் தொடங்குவார். “கொடியைக் கிள்ளிப் பார்த்தா தெரியுமே” என்பார். எந்தக் கொடி, எங்கே கிள்ளுவது என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார். புல் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடுகிற தண்டைத்தான் அவர் கொடி என்கிறார். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக நாரடித்தால் இல்லை.

செத்த புல்லைப் பார்த்ததும் அவர் தண்ணீர்க் குழாயைத் தேடுவதில்லை. செத்த இடத்தின் உருவத்தைத்தான் முதலில் பார்க்கிறார். பூஞ்சை என்றால் வட்டம் வட்டமாகக் கருகும். நாய் மூத்திரம் பெய்த இடம் தட்டளவு இருக்கும், விளிம்பில் புல் கரும்பச்சையாகச் செழித்திருக்கும். களைக்கொல்லி மட்டும் கோடு போட்டுக் கொல்லும். தெளித்தவன் நடந்த வரிசை, திரும்பிய முனை, ஈரப் புல்லை மிதித்துவிட்டு நல்ல புல்லில் வைத்த பாதம் என எல்லாமே ஒரு வாரத்தில் தரையில் பதிந்துவிடும்.

அடுத்த கேள்வி, என்ன மருந்து என்பது. நெல்லுக்கு அடிக்கிற 2,4-டி என்றால் பெரிய பயமில்லை. அது அகன்ற இலைக் களைகளைத்தான் குறிவைக்கும். அளவு கூடினால் புல் மஞ்சளிக்கும், பிறகு தெளிந்துவிடும். அதற்குச் சாட்சி புல்லில் இருக்காது, வேலியோரச் செம்பருத்தியில் இருக்கும். செம்பருத்தி பருத்தியின் இனம், பருத்திக்கோ இந்த மருந்து ஆகவே ஆகாது. இலை சுருங்கி உருமாறியிருந்தால் விஷயம் முடிந்தது. பாராகுவாட் என்றால் வெயில் பட்ட சில மணி நேரத்தில் மேல் இலை கருகும், வேர் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதைக் கையில் தொடவே பயப்பட வேண்டும். உடம்புக்குள் போனால் மாற்று மருந்து கிடையாது.

கிளைபோசேட் வேறு சாதி. முதல் நாலைந்து நாள் ஒன்றுமே நடக்காததுபோல் புல் பச்சையாக நிற்கும். மருந்தோ அதற்குள் இலை வழியே இறங்கி, கொடிக்கும் வேருக்கும் போயிருக்கும். செடி தனக்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்களைச் செய்துகொள்ள முடியாதபடி ஒரு நொதியை அடைத்துவிடும். அடித்த கையோடு, இலையில் காய்வதற்குள் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் கொஞ்சம் மிஞ்சும். மறுநாள் ஊற்றுகிற தண்ணீர் வெறும் மனச்சமாதானம். ஒரே நல்ல செய்தி, மண்ணில் விழுந்ததும் அது மண்துகளோடு ஒட்டிக்கொண்டு வீரியம் இழந்துவிடும் என்பது. செத்ததை வாரிவிட்டு அதே மண்ணில் நடலாம். பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மட்டுமே இதைத் தெளிக்கலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அதைச் சொல்லிவிட்டு மேஸ்திரி சிரிப்பார். ஏன் என்று விளக்க மாட்டார்.

புல்லைப் படிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஆள் எழுதப் படிக்கத் தெரியாதவர். இளவயதில் ஊட்டியில் தோட்டக் கூலியாக இருந்துவிட்டு வந்த கிழவர். 1848-இல் தொடங்கிய அங்கத்திய தாவரவியல் பூங்காவைப் பற்றிப் பேசும்போது பூவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாராம். மே மாத மலர்க்காட்சி முடிந்து, கூட்டம் மிதித்த புல்வெளியைக் கயிறு கட்டி மூடி, மறுபடி எழும்பும்வரை யாரையும் விடாமல் காவல் காத்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாராம். “ஊர்ல மனுசனுக்கு ஆஸ்பத்திரி இருக்குது. அங்க புல்லுக்கு இருந்துச்சுடா தம்பி.”

அந்தக் கிழவர் விடியலுக்கு முன்பே சீடனை எழுப்பி, வெறுங்காலோடு புல்தரையில் குந்த வைப்பார். “பனி தெரியுதா?” தெரிகிறது. “எல்லாம் பனியா?” முதல் ஒரு மாதம் சீடனுக்கு எல்லாம் பனியாகத்தான் தெரிந்தது. கிழவர் பதிலும் சொல்லவில்லை, அடிக்கவும் இல்லை. மறுநாளும் எழுப்பினார். ஒருநாள் சூரியன் சாய்வாக ஏறியபோதுதான் பிடிபட்டது. பனி இலை முழுக்கப் பொடிப்பொடியாகப் படிந்திருக்கிறது. அது செத்த புல்லிலும் உண்டு, பக்கத்துச் செங்கல்லிலும் உண்டு. ஆனால் சில இலைகளின் நுனியில் மட்டும் கடுகளவுக்கு ஒரே ஒரு துளி நிற்கிறது. வேர் இரவெல்லாம் உறிஞ்சி மேலே தள்ளிய தண்ணீர் அது. இலை மஞ்சளாக இருந்தாலும் நுனியில் துளி இருந்தால் வேர் வேலை செய்கிறது, அதைத் தொடாதே. இலை பச்சையாக இருந்து துளி இல்லாவிட்டால் சந்தேகப்படு. புத்தகத்தில் இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. கிழவருக்கு அது ‘நுனித்துளி’. மேஸ்திரிக்கும் அதுவேதான்.

மண்டபத்துக்கு வருவோம். அங்கே அடித்திருந்தது கிளைபோசேட்தான். மேஸ்திரி இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார். செத்ததும் பிழைத்ததும் எல்லை பிரிய அவ்வளவு நாள் வேண்டும். முகூர்த்தம் பொறுக்குமா? இவரை விட்டுவிட்டு வேறொரு இளைஞரைக் கூப்பிட்டார்கள். பத்தை பத்தையாக லாரியில் புல் வந்து இறங்கியது. ஒரே நாளில் தரை பச்சையானது. படமும் எடுத்தாயிற்று.

ஒரு மாதம் கழித்து மறுபடி ஆள் வந்தது. புல் சாகவும் இல்லை, வளரவும் இல்லை. மேஸ்திரி ஒரு பத்தையின் மூலையைப் பிடித்துத் தூக்கினார். கோரைப்பாய்போல் சுருண்டு கையோடு வந்தது. அடியில் வேர்கள் அரை அங்குலம் இறங்கி, முனை தடித்து, தீக்குச்சித் தலைபோல் நின்றுபோயிருந்தன. கிளைபோசேட் இப்படிச் செய்யாது. தண்ணீரா, உரமா, வேர்ப்புழுவா என்று மூன்று நாள் குழம்பினார்.

விடை நடைபாதையில் இருந்தது. சிமெண்ட் ஓரக்கல்லில், கழுவியும் போகாத மஞ்சள் கறை. சாயப்பட்டறை உள்ள ஊரில் கறையை யார் கவனிக்கப் போகிறார்கள்? மேஸ்திரி மணிலாக் கொல்லைக்காரர்களின் கையில் அந்த மஞ்சளைப் பார்த்திருக்கிறார். பெண்டிமெத்தலின். மணிலா என்கிற நிலக்கடலையை விதைத்ததும், களை முளைக்கும் முன்பே அடிக்கிற மருந்து. முளைக்கிற வேரின் நுனியில் செல் பிரியவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. கோரை மறுபடி வராதிருக்க, பத்தை விரிக்கும் முன் யாரோ மண்ணில் அடித்திருக்கிறார்கள். கோரை கிழங்கிலிருந்து கிளம்புவது, அது இதற்கு அசையவில்லை. புதுப் புல்தான் வேர் விட முடியாமல் தவித்தது. மண்ணின் மேல்தட்டில் அந்த மருந்து மாதக்கணக்கில் தங்கும்.

சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு சட்டியில் கேழ்வரகு தூவினார். ஒன்றில் மண்டபத்து மண், மற்றதில் வெளி மண். ஒரு வாரத்தில் மண்டபத்துச் சட்டியில் நாற்று குட்டையாக, வேர் முண்டு முண்டாக நின்றது.

இனி வைத்தியம். மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி அப்புறப்படுத்தினார். மிச்ச நஞ்சைப் பிடித்துவைக்கக் கரி வேண்டும். தண்ணீர் வடிகட்டியில் இருக்கிற ஆக்டிவேட்டட் கார்பன்தான் சரியான பொருள். 4,000 சதுர அடிக்கு வாங்க யார் பணம் தருவார்கள்? ஆரணியில் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை, உமிக்கும் இல்லை. ஆனால் கொதிகலனில் வெந்து வெளுத்த உமிச்சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, அது நஞ்சைப் பிடிக்காது. அரைகுறையாக வெந்த கறுப்பு உமிக்கரிதான் ஓரளவு பிடிக்கும். ஆக்டிவேட்டட் கார்பனுக்கு ஈடில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் கூடுதலாகக் கலந்து, மறுபடி கேழ்வரகு தூவி, வேர் நேராக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புல்லை நட்டார். கரி எப்போதும் கைகொடுக்காது. அமெரிக்காவின் அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் டூமர்ஸ் கார்னர் ஓக் மரங்களுக்கு, 2010-இல் கால்பந்துப் பகையில் ஒருவர் டெபுதையூரான் என்ற களைக்கொல்லியைக் கொட்டினார். அங்கும் மண்ணை அள்ளி, கரி போட்டுப் பார்த்தார்கள். மரங்கள் தேறவில்லை, 2013-இல் வெட்டினார்கள். மேஸ்திரியின் கைக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. பெண்டிமெத்தலின் அதைவிடச் சாதுவான மருந்து.

பத்தை விரிக்க அவர் ஒப்பவில்லை. கொடியை விரல்நீளத் துண்டுகளாக்கி, நாலு அங்குலத்துக்கு ஒன்றாகக் குந்தியபடியே ஊன்றினார். தீர்ந்த பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிற வேலை மாதிரி என்றார். மேலே செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் சலித்துத் தூவினார். யூரியாவைக் கிட்டத்தில் விடவில்லை. கொரியன் புல் சோம்பேறி, மூட ஐந்தாறு மாதம் பிடித்தது.

அந்த மாதங்களில் அவருக்குப் பேச நிறைய நேரம் இருந்தது. களைக்கொல்லி அடித்த டேங்கையே கழுவாமல் சத்து மருந்து அடிக்கிறார்கள் என்பார். டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறம் மனிதனுக்கு எவ்வளவு நஞ்சு என்று சொல்வது, பச்சை முக்கோணம் என்றால் பச்சைப் புல்லுக்கு நல்லது என்று நினைக்கிறான் ஒருத்தன் என்பார். செத்த புல்லுக்குப் பச்சைச் சாயம், அதுவும் போய் இப்போது பிளாஸ்டிக் புல். “கைத்தறிப் புடவையை விசைத்தறியில ஓட்டக் கூடாதுன்னு 1985-ல சட்டம் போட்டாங்க. அதையே எவ்வளவு பேர் மதிக்கிறான்? புல்லுக்கு யார் சட்டம் போடுவான்?” தாம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்ட இரண்டு பையன்கள் ஒரே வாரத்தில் ஓடிப்போனதற்குக் காரணம் விடியற்காலை எழுப்பியதா, அவருடைய நாக்கா என்பதை மட்டும் அவர் ஆராய்வதில்லை.

தை முகூர்த்தத்தன்று இருட்டோடு மண்டபத்துக்கு வந்துவிட்டார். நாதஸ்வரக்காரர்கள் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, கன்னம் தரையைத் தொடுமளவு குனிந்து நுனி நுனியாகப் பார்த்தார். பிறகு ஒரு கொத்தைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார்.

படிக்கட்டில் இறங்கி வந்த மேனேஜர் பதறிப்போனார். “அண்ணே, இப்பத்தான் நல்லா வந்திருக்குது, ஏன் புடுங்கறீங்க?”