விசா வந்தாச்சு, ஆனால் கல்யாணம் கூடாது!

கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு 2025 மார்ச்சில் மூன்று பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்தன. அப்பா, அம்மா, பையன். மூன்றிலும் அமெரிக்கக் குடியேற்ற விசா ஒட்டியிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் முப்பது வருடம் நின்ற மனிதர் அந்த அப்பா. அவருடைய அக்கா நியூஜெர்சியில் இருக்கிறார், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். தம்பிக்காக அவர் மனு போட்டது 2006 பிப்ரவரியில். அப்போது அம்பத்தூரே சென்னை மாநகராட்சியில் சேரவில்லை, தனி நகராட்சியாக இருந்தது. அது 2011ல் சேர்ந்து, தெருப்பலகையெல்லாம் மாறி, அதற்கும் பதினான்கு வருடம் கழித்துத்தான் விசா வந்திருக்கிறது.

ஏன் இத்தனை வருடம்? 1965ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், குடும்ப உறவை வைத்து ஆட்களை அழைத்துக்கொள்ள வழி திறந்தது. ஆனால் கூடப்பிறந்தவர்களுக்கு வரிசையில் கடைசி இடம், நான்காவது பிரிவு. உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 65,000 விசாதான். அதிலும் எந்த ஒரு நாட்டுக்கும் சுமார் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது. 2025லும் இந்தியர்களுக்கான அந்த வரிசையில் 2006ஆம் ஆண்டு மனுக்கள்தான் நகர்ந்துகொண்டிருந்தன.

இந்த வீட்டில் இன்னொரு பாஸ்போர்ட்டும் உண்டு. அதில் விசா இல்லை. மூத்த பெண்ணுடையது. மனு போட்டபோது அவளுக்கு எட்டு வயது. பெற்றோரோடு சேர்ந்து போகும் பிள்ளைகள் 21 வயதுக்குள் இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. பாவம் பார்த்து 2002ல் ஒரு சட்டம் செய்தார்கள்: மனு ஆபீசில் கிடந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இவர்களுடைய மனு நாலு வருடம் கிடந்தது. முறை வந்த 2024ல் பையனுக்கு 23, நாலு போனால் 19. உள்ளே. பெண்ணுக்கு 26, நாலு போனால் 22. வெளியே. ஒரே வீடு, ஒரே மனு, ஒரு கழித்தல் கணக்கு! அவள் கல்யாணமாகித் திருமுல்லைவாயலில் இருக்கிறாள். "எனக்கென்னப்பா, நான் பஸ் ஏறினா வந்துடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

சரி, விசா வந்துவிட்டது. ஸ்வீட் வாங்கினார்கள், பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து மாமா வந்தார், அம்மாவின் அண்ணன்.

"மாப்ளே, பையனை வெறுங்கையோட அனுப்பாதீங்க. பொண்ணு ரெடி. வைகாசில முடிச்சுட்டு அனுப்புவோம்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் 84 வயது ஆயா. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலோடு சரி. "கண்ணு மூடறதுக்குள்ள இவனுக்கு ஒரு தாலி கட்டிப் பாத்துடணும்" என்பது அவருடைய தினசரிப் பேச்சு.

பையன்தான் அந்த விதியைச் சொன்னான். விசா கொடுக்கும் நாளில் மட்டும் கல்யாணம் ஆகாதவனாக இருந்தால் போதாது. அங்கே போய் இறங்கி, அதிகாரி முத்திரை குத்தும் நிமிடம் வரைக்கும் அப்படியே இருக்க வேண்டும். நடுவில் தாலி கட்டினால் அந்த விசா செல்லாது. அப்பாவின் பிள்ளை என்ற உரிமையில் வந்த விசா அது. கல்யாணம் ஆனவன் அந்தக் கணக்கில் வரமாட்டான்.

மாமா அசரவில்லை. "கோயில்ல வெச்சு சிம்பிளா கட்டிடுவோம். ரிஜிஸ்டர் பண்ண வேணாம். எவன் கேக்கப் போறான்?"

நம் ஊரில் பாதிப் பேர் நினைப்பது இதுதான். பதிவு செய்யாவிட்டால் கல்யாணமே இல்லை என்று. உண்மை நேர்மாறு. இந்துத் திருமணச் சட்டப்படி சடங்கு முடிந்தால் கல்யாணம் முடிந்தது, பதிவு அதற்கு ஒரு சான்றுதான். தமிழ்நாட்டில் இன்னும் சுலபம். அண்ணா முதலமைச்சராக இருந்த 1967ல் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் மாற்றிக்கொண்டாலோகூட அது சட்டப்படியான திருமணம். ஐயரே வேண்டாம். சுயமரியாதைத் திருமணங்களுக்காக வந்த அருமையான சட்டம் அது, இங்கே வந்து மாமாவின் திட்டத்தைக் கவிழ்த்துவிட்டது.

மறைத்துவிட்டுப் போகலாமே என்றால், அது இன்னும் மோசம். நாளைக்கு அதே பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள இவனேதான் மனு போட வேண்டும். அந்த மனுவில் கல்யாணத் தேதி கேட்பார்கள். தேதி, இவன் அமெரிக்காவில் இறங்கிய நாளுக்கு முன்னால் இருந்தால்? மனு தள்ளுபடியாவது ஒரு பக்கம், இவனுடைய கிரீன் கார்டே போய்விடும். உண்மையைச் சொல்லிவிட்டு, போய் இறங்கிய பிறகு கல்யாணம் செய்தால் மனைவி வந்து சேரச் சில வருடம் ஆகும். ஆனால் நேர் வழி.

மாமா காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இதற்குள் அடுத்த சிக்கல். விசாவுக்கு ஆயுள் அதிகபட்சம் ஆறு மாதம், மருத்துவப் பரிசோதனை நடந்த நாளை ஒட்டி அது இன்னும் குறையும். இவர்களுக்கு ஆகஸ்ட் 8 வரை. ஆயாவை விட்டுக் கிளம்ப அப்பாவுக்கு மனசே இல்லை. "நீயும் அம்மாவும் முன்னாடி போங்க, நான் கடைசில வரேன்" என்றார் பையனிடம். அதுவும் முடியாது. மூன்று விசாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்: அப்பாவுடையது எஃப்41, அம்மாவுடையது எஃப்42, பையனுடையது எஃப்43. மனு அப்பா பேரில். அவர் முதலில் நுழைய வேண்டும், அல்லது எல்லோரும் ஒன்றாக நுழைய வேண்டும். அவருக்கு முன்னால் மற்ற இருவரும் உள்ளே போக முடியாது. அவர் போகாமலே நின்றுவிட்டால், அல்லது போவதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், மற்ற இரண்டு விசாவும் வெறும் காகிதம். மனைவி, மக்கள் பின்னால் தனியாக வரலாம், அவரவர் விசா தேதிக்குள்.

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பாவும் பையனும் மே மாதம் போவது. அப்பா மூன்று வாரத்தில் திரும்புவது. அவர் வந்து ஆயாவைப் பார்த்துக்கொள்ள, அம்மா ஆகஸ்ட் 8க்குள் போய் இறங்குவது. நடுவில் திருமுல்லைவாயல் பெண் வந்து இருப்பாள். விசா கிடைக்காதவள்தான் இந்தத் திட்டத்துக்கே ஆணிவேர்.

கிளம்பும் முன் சில்லறை வேலைகள். கார்டு அச்சடிக்கத் தலைக்கு 235 டாலர் ஆன்லைனில் கட்டினார்கள், மூன்று பேருக்கு 705. முன்பெல்லாம் சீல் வைத்த பெரிய கவர் ஒன்று தருவார்கள், அதைப் பிரிக்காமல் கையிலேயே கொண்டுபோக வேண்டும். இப்போது பலருக்கும் கோப்பு கம்ப்யூட்டர் வழியே போய்விடுகிறது. இருந்தாலும் மார்பு எக்ஸ்ரே சிடியைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்கள். அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர், இனிஷியல் விரிக்கவில்லை. அதனால் விசாவில் அவருடைய பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், சொந்தப் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று இருந்தது. சொந்தப் பெயர் தெரியாது என்று அர்த்தம். அறுபது வருடம் அந்தப் பெயரோடு வாழ்ந்தவருக்கு! பெட்டியில் அம்மா வைத்த பச்சைக் கறிவேப்பிலையைப் பையன் எடுத்து வெளியே வைத்தான். அங்கே அனுமதியில்லை.

தோஹாவில் விமானம் மாறி நியூயார்க். நடுவில் எங்கே மாறினாலும் இன்று யாரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் அப்படி மாறுவதே தடையாக இருந்தது. 1908ல் கனடா ஒரு விதி போட்டது: பிறந்த நாட்டிலிருந்து ஒரே தொடர் பயணமாக வந்தால்தான் குடியேறலாம். இந்தியாவிலிருந்து நேர்க் கப்பலே கிடையாது என்று தெரிந்துதான் போட்டார்கள். 1914ல் ஹாங்காங்கிலிருந்து கோமகாட்டா மாரு கப்பலில் வான்கூவர் போன 376 பேரில் மிகச் சிலரைத் தவிர மற்றவர்களை இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த இந்தியர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளவே 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பயண விதி என்று பேர் வைத்துக் குடும்பத்தைப் பிரிப்பது புதிய வித்தை இல்லை.

கென்னடி விமான நிலையத்தில் விரல் ரேகை, போட்டோ. அதிகாரி பையனிடம் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: கல்யாணம் ஆகிவிட்டதா? "இல்லை" என்றான். முத்திரை விழுந்தது. அந்த முத்திரை விழுந்த விசாவே ஒரு வருடத்துக்குத் தற்காலிக கிரீன் கார்டு. அசல் கார்டு அத்தை வீட்டு முகவரிக்குத் தபாலில் வரும்.

அப்பா சொன்னபடி மூன்று வாரத்தில் திரும்பிவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியிருப்பு உரிமையைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள், ஆறு மாதம் தாண்டினாலே கேள்வி வரும். இரண்டு வருடம் வரை வெளியே இருக்க ஒரு மறுநுழைவு அனுமதி உண்டு, ஆனால் அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை கொடுக்கவும் அங்கே இருக்க வேண்டும். அவருக்கு அவ்வளவு நாள் பொறுமை இல்லை, ஆயா நினைப்பு.

அம்மா கிளம்பியது ஜூலை 28. ஆடி மாசம். "ஆடில யாராவது கெளம்புவாங்களா?" என்று தெருவே கேட்டது. ஆவணி பிறப்பதற்குள் விசா முடிந்துவிடும் என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? முதல் விமானப் பயணம், தனியாக. ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப வந்தவர்களில் மாமாவும் இருந்தார். தங்கச்சியின் பெட்டியை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் வீட்டில் காத்திருக்கச் சம்மதித்துவிட்டார்கள் என்று உள்ளே போகும்போதுதான் சொன்னார்.

அம்மா போய் இறங்கியதும் பையன் வீடியோ காலில் வந்தான். போனை ஆயாவின் முகத்துக்கு நேரே பிடித்தார் அப்பா.

"இப்ப கட்டிக்கலாம் இல்ல கண்ணு?"

"கட்டிக்கலாம் ஆயா. லீவு போட்டுட்டு வரேன்."

"எப்போ?"

அவன் காலண்டரைப் பார்க்கத் திரும்பினான்.