கைவைக்காமல் விடுவதும் தொழில்தான்

வால்வு ரேடியோ பழுதுபார்ப்பவர்களின் மேசையருகே நின்று கவனித்தால், அவர்கள் அவசரப்படாததுதான் முதலில் கண்ணில் படுகிறது. பரணிலிருந்து இறங்கிய பழைய மர்ஃபியோ பிலிப்ஸோ மேசைக்கு வந்தவுடன் யாரும் அதை மின்சாரத்தில் சொருகுவதில்லை. பின்பலகையைக் கழற்றி, தூசி தட்டி, ஒயர்களில் ரப்பர் உறை நொறுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போதும் நேரே 230 வோல்ட் போவதில்லை. இடையில் ஒரு சீரிஸ் பல்ப் இருக்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும். எதை மாற்றியே ஆகவேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பிரித்தறியும் இந்த நிதானம்தான் இத்தொழிலின் உயிர் என்று நினைக்கிறேன். ஈயம் வைக்கப் பலருக்கும் தெரியும். இந்தத் தீர்ப்புதான் சிலரிடம் மட்டும் இருக்கிறது.

இதற்குச் சான்று சேசிஸுக்கு, அதாவது பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டுக்கு, அடியிலேயே இருக்கிறது. ரேடியோ பேசாவிட்டால் வால்வு போய்விட்டது என்றுதான் வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள். ஆனால் ஐம்பதுகளின் செட்டுகளில் பெரும்பாலும் முதலில் கெட்டிருப்பவை மெழுகு தோய்த்த காகிதக் கண்டென்சர்கள்தான். ஒலி பெருக்கும் கடைசி வால்வின் கட்டுப்பாட்டு முனையான கிரிட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சிறு கண்டென்சரைப் பாருங்கள். அதன் ஒரு பக்கம் நூறு வோல்ட்டுக்குக் குறையாத மின்னழுத்தம் இருக்கலாம். மறுபக்கம் அது துளியும் கசியக்கூடாது. கசிந்தால் கிரிட் நேர்மின்னழுத்தம் பெறும். வால்வில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும். வால்வும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்தே கருகலாம். ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் மல்டிமீட்டரில் இதே கண்டென்சர் நல்லதென்று காட்டலாம். உயர் மின்னழுத்தத்தில்தான் அதன் கசிவு தெரியவரும். அதனால்தான் தேர்ந்தவர்கள் மீட்டரை மட்டும் நம்பாமல், செட்டை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே அதை மாற்றிவிடுகிறார்கள். ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) காயில்களின் திருகுகளையோ அவர்கள் கடைசிவரை தொடுவதில்லை. 455 கிலோஹெர்ட்ஸ் அளவில் தொழிற்சாலையில் இசைத்து வைத்தது வருடக்கணக்கில் பெரிதாக நகர்வதில்லை. இரும்புத் திருப்புளியை விட்டுத் திருகினால் உள்ளிருக்கும் தண்டு உடைந்துபோகலாம். அதற்கு மாற்று கிடைப்பது அரிது.

பாகங்களை மாற்றிவிட்டால் அது எப்படிப் பழைய ரேடியோ ஆகும் என்று சேகரிப்பாளர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கண்டென்சர் அன்றைக்கும் தேய்பொருளாகத்தான் இருந்தது. அந்த ரேடியோ புதிதாக இருந்த காலத்திலேயே கடைக்காரர் அதை மாற்றித்தான் கொடுத்தார். தோற்றமும் மாறக்கூடாதென்றால் பழைய காகிதக் கூட்டைக் குடைந்து, சிறிய பாலியெஸ்டர் கண்டென்சரை உள்ளே வைத்து, மறுபடி மெழுகால் அடைக்கும் வழக்கமும் உண்டு. பொறுமையான வேலை; கூலி கூடத்தான் செய்யும். காப்பாற்ற வேண்டியது சர்க்யூட்டின் அமைப்பு. அது இருக்கும்வரை ரேடியோ இருக்கிறது.

அந்த அமைப்பையே பிடுங்கி எறிவதுதான் என்னை வருத்துகிறது. மத்திய அலையில் கேட்க இப்போது என்ன இருக்கிறது என்று சொல்லி, சேசிஸைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, மரப்பெட்டிக்குள் ப்ளூடூத் பலகை பொருத்திக்கொள்கிறார்கள். நிலையங்கள் குறைந்தது உண்மை. ஆனாலும் இருட்டிய பிறகு மத்திய அலை வெகுதூரம் பயணிக்கும். பகலில் அமைதியாக இருந்த டயலில் இரவில் குரல்கள் எழும். கைப்பேசிப் பாட்டுத்தான் வேண்டுமென்றாலும் செட்டைக் குடைய வேண்டியதில்லை. அக்காலச் செட்டுகள் பலவற்றின் பின்புறம் கிராமஃபோனுக்கான பிக்கப் துளைகள் இருக்கின்றன. தக்க பாதுகாப்போடு அவற்றின் வழியே கொடுத்தால் அதே வால்வுகள் அதே ஸ்பீக்கரில் பாடும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. செட்டில் மட்டும் இதைச் செய்யக்கூடாது. அதில் சேசிஸே மின்கம்பியோடு நேராக இணைந்திருக்கும், தொட்டால் உயிருக்கே ஆபத்து.

செலவு ரேடியோவின் விலையை மிஞ்சும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தக் கூலி ஒரு பெட்டியோடு முடிவதில்லை. இந்த அறிவுள்ளவர்கள் தொழிலில் நீடிக்கவும் அதுதான் வழி. ஆகவே, உங்கள் பரணில் பழைய ரேடியோ இருந்தால், பாடுகிறதா என்று பார்க்கச் சொருகாதீர்கள், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். கழற்றிய பாகங்களை ஓர் உறையிலிட்டு, எதை எப்போது மாற்றினார் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து அதைத் திறப்பவருக்கு அது உதவும்.