கரையும் மதகும்

சென்ற ஆண்டுக் கோடையில் ஒருநாள், நம் சகோதரியின் மகன் காய்ச்சலாய்ப் படுத்திருப்பதாகச் செய்தி வந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் பணிபுரிபவன்; வயது இருபத்தாறு. அடுத்த தெருதான் என்பதால் உடனே சென்றோம்.

மின்விசிறி முழுவேகத்தில் சுழன்றும் அவன் படுத்திருந்த பாய் நனைந்து கிடந்தது. நெற்றியைத் தொட்டால் சுட்டது. சளி இல்லை, இருமல் இல்லை. பாராசிட்டமால் இருமுறை கொடுத்தும் சூடு இறங்கவில்லை என்று சகோதரி கண்கலங்கினாள். "ஒன்றுமில்லை மாமா, நாளைக்குச் சரியாகிவிடும்" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது நமக்குச் சரியாகப் படவில்லை. விரல் நுனிகளில் மஞ்சள் கறை வேறு.

"என்ன தின்றாய், வாப்பா? உள்ளதைச் சொல்."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலம் வெளிவந்தது. உடல் இளைக்க உதவும் மருந்தாம்; உடற்பயிற்சிக் கூடத்து நண்பன் எங்கிருந்தோ தருவித்தது. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. மாப்பிள்ளை பருமன் என்று பெண்வீட்டார் குறைப்பட்டதாக ஒரு பேச்சு அவன் காதில் விழுந்திருக்கிறது. பொட்டலத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த பெயரைப் படித்தோம்: டைநைட்ரோபீனால். முப்பதாண்டுகள் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்த நமக்குக் கை நடுங்கிற்று. ஆட்டோவை அழைத்து, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தோம். இதற்கு மாற்று மருந்து என்று தனியே ஒன்று கிடையாது. உடலைக் குளிர்வித்துக் காத்திருக்க வேண்டியதுதான். மூன்று இரவுகள் காத்திருந்தோம். அவன் பிழைத்தான்.

வீடு திரும்பியபின் ஒரு மாலை அவனே கேட்டான்: "கொழுப்பை எரிப்பது நல்லதுதானே மாமா? பிறகு ஏன் இப்படி ஆயிற்று?"

பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியை அவன் பலமுறை பார்த்தவன். நிரம்பினால் 24 அடி நிற்கும் நீர் அது. அதைக் கொண்டே விளக்கத் தொடங்கினோம். நம் உயிரணுக்களினுள் மைட்டோகாண்டிரியா எனும் நுண்ணிய அறைகள் உள்ளன. உண்ட உணவிலிருந்து பிரியும் எலெக்ட்ரான்கள், நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைச் சென்றடையும் வழியில், புரோட்டான்களை ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் இறைத்துத் தள்ளுகின்றன. மழை நிரப்பும் ஏரியன்று அது. இறைத்தே நிரப்பும் ஏரி. சவ்வே அதன் கரை. அதன் இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். ஆயினும் கரையின் மெலிவைக் கணக்கிட்டால் மீட்டருக்கு மூன்று கோடி வோல்ட் என்றாகிறது! தேங்கிய புரோட்டான்கள் திரும்ப ஒரே வழி, மதகு. அந்த மதகில் ஒரு சக்கரம் உண்டு. மெய்யாகவே சுழலும் சக்கரம். நொடிக்கு நூறு சுற்றும் அதற்கு எளிது. விலங்குகளில் எட்டுப் புரோட்டான்கள் நுழைந்தால் ஒரு சுற்று. சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. மூலக்கூறுகள். தசை அசைவதும் நெஞ்சு துடிப்பதும் அந்த ஏ.டி.பி. எனும் நாணயத்தைச் செலவிட்டுத்தான்.

அந்நாணயத்தைக் கண்டெடுத்தவருள் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்றதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கதர் அணிந்ததற்காக ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப்பட்டம் கிட்டாமல் 1922இல் அமெரிக்கா சென்றவர். ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து 1929இல் ஏ.டி.பி.யைக் கண்டார், அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனியே கண்டார். சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. அந்தக் குறை நமக்கு இன்றும் தீரவில்லை. ஏ.டி.பி. உருவாகும் வழி இந்தப் புரோட்டான் ஏரிதான் என்று பீட்டர் மிட்செல் எனும் ஆங்கிலேயர் 1961இல் எழுதியபோது நம்பியவர் சிலரே. 1978இல் அவருக்கு அப்பரிசு வந்தது.

"நீ விழுங்கியது கரையில் நண்டு வளை தோண்டுவது போன்றது, வாப்பா. புரோட்டான்கள் மதகை விட்டு வளை வழியே கசிந்துவிடும். சக்கரம் ஓய்கிறது, உயிரணுவோ மேலும் மேலும் இறைக்கிறது. கொழுப்பு எரிகிறது, மெய்தான். ஆனால் எரிந்ததெல்லாம் வெறும் வெப்பம்." மூளை ஏற்றிய காய்ச்சல் அல்லவே, பாராசிட்டமால் எப்படி இறக்கும்?

பச்சிளங் குழந்தையின் பழுப்புக் கொழுப்பிலும் இப்படி ஒரு கசிவு உண்டு. குளிரில் குழந்தையைக் காக்க அமைந்த அது தேவைக்குத் திறந்து மூடும். இந்த மருந்துக்கு மூடத் தெரியாது. முதல் உலகப் போரில் பிரெஞ்சு வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்கள் இதைக் கையாண்டு, மெலிந்து, வியர்த்து மாண்டனர். அதை அறிந்திருந்தும் 1933க்குப் பின் அமெரிக்காவில் இளைக்கும் மருந்தாக விற்றார்கள். பலருக்குக் கண்புரை வந்தது, சிலர் இறந்தனர். 1938இல் அங்கே நிறுத்தினார்கள். இன்றும் திருட்டுத்தனமாய் விற்போர் இருக்கின்றனர்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நண்பன் நாலு பேருக்குக் கொடுத்திருக்கிறான் மாமா" என்று எழுந்து சட்டையை மாட்டினான். நாமும் உடன் சென்றோம். மூன்று பொட்டலங்கள் கிடைத்தன. நான்காமவன் அப்போதே எறிந்துவிட்டதாகச் சொன்னான்.

திருமணம் அதே இடத்தில் இந்த ஆண்டு தை மாதத்தில் நடந்தது. பருமன் என்று பெண்வீட்டார் சொல்லவேயில்லையாம். அது தரகர் இட்டுக்கட்டியதாம்.