மணிக்கும் சர்க்கரை

எனக்குச் சர்க்கரை வந்து 20 வருஷம் ஆகிறது. போன வருஷம் எங்கள் நாய் மணிக்கும் வந்துவிட்டது. ஓயாமல் தண்ணீர் குடித்தான், வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போனான், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தான். வயசாகிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். ரத்தம் பார்த்த டாக்டர், "நாய்க்கு மாத்திரை சரிப்படாது சார், ரெண்டு வேளையும் இன்சுலின்தான்" என்றார்.

எனக்கு மாத்திரை, அவனுக்கு ஊசி! 1921இல் டொரான்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டுபிடித்ததே நாய்களை வைத்துத்தான். அந்தக் கடன் என் வீட்டில் திரும்புகிறது போலும்.

காலை 7, மாலை 7. முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்துக் குத்தினால் அவனுக்குத் தெரிவதுகூட இல்லை. என் கைதான் நடுங்கும். சிரிஞ்சு வாங்கும்போது மட்டும் கண்ணாடி போட்டுப் பார்ப்பேன். 40 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு. மாறினால் அளவே மாறிவிடும்.

ஒரு நாள் சாயங்காலம் தட்டை முகர்ந்துவிட்டுப் படுத்துவிட்டான். கடிகாரம் 7 காட்டியது. பழக்கத்தில் ஊசியைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கால் பின்னிச் சுவரில் மோதி விழுந்தான். போனில் டாக்டர், "ஈறுல தேன் தடவுங்க, உடனே கொண்டு வாங்க" என்றார். ஆட்டோவில் என் மனைவி தடவிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் தலையைத் தூக்கி அவள் விரலை நக்கினான்.

இப்போதெல்லாம் தட்டு காலியான பிறகுதான் பிரிட்ஜைத் திறக்கிறேன். சாப்பிடாவிட்டால் முதலில் டாக்டருக்குப் போன். கண்புரை விழுந்து பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் 7 மணிக்குத் தட்டுத்தடுமாறி என் நாற்காலிக்கு வந்துவிடுகிறான்.